ஐஸ்பெட்டியில் விரதம் இருந்த செடி

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில், காய்கறி வைக்கும் கீழ்த் தட்டை இழுத்தால், கறிவேப்பிலைக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை கிடக்கும். அதன் மேல் என் தங்கை தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்: ‘தூங்குகிறது. சமைக்க வேண்டாம்.’

அந்த எச்சரிக்கை அப்பாவுக்காக. பையை உள்ளே வைத்த மறுநாளே அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “இஞ்சி ஏன் இவ்வளவு மெலிஞ்சி கெடக்கு? பாசார்ல ஏமாத்திட்டானுங்களா?” என்று கேட்டபடி, டீக்குத் தட்டிப்போட இடிகல்லைத் தேடியிருக்கிறார். நல்ல வேளை, அம்மா அடுப்படியில் இருந்தார்.

“அது இஞ்சி இல்லீங்க. நம்ம வாயன்.”

“வாயனா? ஐஸ்பெட்டிக்குள்ளயா? செத்துப்போச்சா?”

“தூங்குதாம். உங்க மகன் சொன்னான்.”

அப்பா பையை எடுத்த இடத்திலேயே வைத்தாராம். கதவைக்கூடச் சத்தம் வராமல் மூடினாராம்.

வாயன் என்பது ஈ பிடித்துத் தின்னும் செடி. அதன் ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு வாய் உண்டு. திறந்து வைத்த சிப்பி மாதிரி இரண்டு மடல்கள், ஓரத்தில் இமைமயிர் போலப் பற்கள், உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் ஊசிமுனை அளவு சின்ன ரோமங்கள் நிற்கும். ஈ ஒன்று அதை ஒருமுறை தொட்டால் செடி பேசாமல் இருக்கும். உடனே இன்னொரு முறை தொட்டால், டப். ஈயின் கதை அதோடு முடிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், டுரியான் பழம் சாப்பிட எல்லாரும் பினாங்குத் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் போயிருந்தபோது, சாலையோரச் செடிக்கடையில் அதை வாங்கினேன். கூடவே அதற்கு உறவுமுறை மாதிரி இன்னொன்று, நெட்டை என்று பேர் வைத்தோம்: நெட்டையாகக் குழாய் குழாயாக வளரும், பூச்சி உள்ளே வழுக்கி விழும், அவ்வளவுதான் அதன் வித்தை. இரண்டையும் எனக்காகத்தான் வாங்கினேன். தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. வீட்டுக்கு வந்தால் உயிருள்ள எதையாவது பார்க்கலாமே என்று ஓர் ஆசை.

ஆனால் வாயன் வந்த அன்றைக்கே அம்மா பக்கம் சாய்ந்துவிட்டது. எங்கள் ஃப்ளாட் பத்தாவது மாடி. வாசலுக்கு வெளியே நீண்ட நடைவழி, அதன் கைப்பிடிச் சுவரில் அம்மாவின் துளசி, சோற்றுக்கு வாசம் தரும் பாண்டான், மிளகாய்ச் செடி. அவற்றோடு வாயனையும் வைத்தோம். மாலையில் அம்மா மிளகாய் பறிக்கப் போனவர், “டேய், ஓடி வா! ஓடி வா!” என்று கத்தினார். நான் சோப்பு நுரையோடு ஓடினேன். ஓர் ஈயின் கால் மட்டும் வாய்க்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

“என்னமா அழகா சாப்பிடுது,” என்றார் அம்மா. என்னைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

அதன் பிறகு அந்த மாடியில் வாயனைப் பார்க்காத ஆள் இல்லை. மூன்றாவது வீட்டுச் சீன ஆன்ட்டி, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் கடைசி வீட்டு மலாய்க்கார அம்மா, யார் லிஃப்டுக்குக் காத்திருந்தாலும் அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வருவார். எந்த மொழியும் முழுதாக வராத அம்மா, அந்த ஈ செத்த கதையை எல்லா மொழியிலும் சொல்வார். யாருமில்லாதபோது சோற்றுப் பருக்கை கொடுத்துப் பார்ப்பார். ஒருமுறை வறுத்த நெத்திலிக் கருவாடு, இக்கான் பிலிஸ். அந்த வாய் கறுத்து அழுகியது. நான் கோபித்துக்கொண்டேன். “உப்பு கூடிப்போச்சு போல,” என்றார்.

இரண்டாம் வருடம் இலைகள் சின்னதாயின. மூன்றாம் வருடம் வாய்கள் பச்சரிசி அளவுக்கு வந்தன. சில மூடின, திறக்கவில்லை. சில மூடவே இல்லை. அம்மா இடத்தை மாற்றினார், தொட்டியை மாற்றினார், கண் திருஷ்டி என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். கடைசியில் என்னிடம் வந்தார்.

எங்கள் வீட்டில் எல்லாமே கடைசியில் என்னிடம் வரும். பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். தங்கை இப்போதுதான் கல்லூரியில். அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மருந்து உறையில் என்ன போட்டிருக்கிறது, கரண்ட் பில் ஏன் ஏறியது, சித்தப்பா காடியில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், ஏன் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது, எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பார்கள். சித்தப்பாவின் காடியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஏதாவது சொல்வேன். சொல்லாவிட்டால் அவர்களுக்கு மனசு கஷ்டப்படும்.

வாயனுக்காக உட்கார்ந்து படித்தேன். விஷயம் எளிதாகத்தான் இருந்தது. அது நம்மூர்ச் செடி இல்லை. எங்கள் ஊர்க் கொடிமலையில் காட்டுக்குள் தொங்கும் குரங்குக் குடுவைச் செடிகளுக்கு வருடம் முழுவதும் ஒரே வெயில், ஒரே மழை போதும். வாயன் பிறந்த ஊர் அமெரிக்காவின் கிழக்குக் கரைச் சதுப்பு நிலம். அங்கே குளிர்காலம் உண்டு. அந்த மாதங்களில் செடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் சுருண்டு தூங்கும். அப்படித் தூங்க விடாமல் வருடக்கணக்கில் விழிக்க வைத்தால் களைத்துச் செத்துப்போகும். பினாங்கில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? வீட்டில் குளிர்கிற ஒரே இடம் ஐஸ்பெட்டி.

“தீபாவளி முடிஞ்சதும் உள்ள வெச்சிடலாம்மா. தை கழிச்சு வெளிய எடுத்தா, புதுசா எழுந்திரும்.”

“எழுந்திருமா?”

“கண்டிப்பா.”

அந்தக் ‘கண்டிப்பா’வை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் ஒரு குளிர்காலத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, மிச்சமிருந்த இலைகளைக் கத்தரித்தேன். அடியில் வெள்ளையாகச் சின்னக் கிழங்கு ஒன்று மிஞ்சியது. “மொட்டை போட்டாச்சா?” என்று எட்டிப் பார்த்தார் அம்மா. பிழிந்த பாசியில் அதைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். நெட்டைக்கும் அதே மரியாதை.

“மனுசங்களுக்கு வெறும் காத்தாடி, செடிக்கு ஏர்கான் ரூமு. நடத்து லா,” என்றாள் தங்கை.

இப்படியாக மாதங்கள் போயின. வாரம் ஒருமுறை பையைத் திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து மூடுவேன். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது, தைப்பூசம் வரும்வரை.

அம்மா ஒவ்வொரு வருடமும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வீட்டில் விரதம் ஆரம்பித்துவிடும். முதல் வேலை ஐஸ்பெட்டி. மீன், கோழி, முட்டை, பிளாச்சான் என்கிற இறால் விழுது டப்பா, இக்கான் பிலிஸ் சம்பால் எல்லாம் பக்கத்து வீடுகளுக்குப் போகும். அந்த வாரம் எங்கள் மாடியில் எல்லார் வீட்டிலும் விருந்து. பிறகு தட்டு தட்டாகக் கழற்றி எலுமிச்சை போட்டுத் துடைப்பார். பால்குடத்துப் பால் அதில்தானே இருக்கப் போகிறது.

அன்று வேலை முடிந்து வந்தபோது ஐஸ்பெட்டிக் கதவு திறந்தபடி இருந்தது. அதன் முன்னால் அம்மா பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

“இது சைவமா, அசைவமா?”

“செடிம்மா.”

“செடிதான். தெரியுது. என்ன சாப்பிடுது?”

“ஈ. எறும்பு.”

“அப்ப?”

தங்கை சோபாவிலிருந்து தலையைத் தூக்கினாள். “ம்மா, ஆடு புல்லுதான் திங்குது. அதுக்காக ஆட்டுக்கறி சைவமாயிடுச்சா? இது அப்படியே தலைகீழ்.”

“வெரத வீட்டுல ஆட்டுக்கறிப் பேச்சு எதுக்குடி?”

“கேள்விக்குப் பதில் சொன்னேன்.”

அம்மா என்னைப் பார்த்தார். “வெளிய எடுத்து வெச்சா என்னாவும்?”

“இப்ப எடுத்தா பாதித் தூக்கத்துல எழுப்பின மாதிரி. அதுல ஏற்கெனவே தெம்பில்ல. தாங்காதும்மா.”

அம்மாவுக்கு வாயனை வெளியே போடவும் மனமில்லை, பாலுக்குப் பக்கத்தில் வைக்கவும் மனமில்லை. பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார், குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி. எனக்கு ஒரு யோசனை வந்தது. பையை வாங்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன்.

எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. முதலாளி அண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் கடைக்குள் ஆள் உயரத்துக்கு நாலு கதவு ஐஸ்பெட்டி நிற்கும்.

“அண்ணே, தைப்பூசம் வரைக்கும் இதைக் கொஞ்சம் உள்ள வெச்சிக்கிறீங்களா?”

“என்னா அது?”

“செடி. ஈ சாப்பிடுற செடி.”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அகப்பை நின்றது. “ஈ சாப்பிடுமா? அல்லா! இத ஏன் இத்தன நாள் சொல்லல? உள்ள எதுக்கு, இந்தா, கல்லா மேல வை.”

“இல்லண்ணே, இப்ப தூங்குது.”

“தூங்குறத எதுக்குத் தம்பி கொண்டாந்த? எழுப்பிட்டுக் கொண்டா லா.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாசியும் வேரும் தெரிந்தன. “கோச்சுக்காத தம்பி. சாப்பாட்டுக் கடை ஐஸ்பெட்டியில மண்ணோட ஒரு பை இருந்து, செக்கிங் ஆளு வந்தா என்னா சொல்றது? விருந்தாளின்னா?” பிறகு, வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

மேலே வந்தபோது அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் வந்திருந்தார். பை திரும்பி வந்ததை அம்மா பார்த்தார். “அது கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?” என்றார்.

“தீபாவளிக்கு முன்ன.”

“அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையா?”

“வாயே இல்லையேம்மா. எல்லாத்தையும் வெட்டிட்டோம்.”

“அப்ப நமக்கெல்லாம் முந்தியே அது வெரதம் ஆரம்பிச்சிடுச்சு.” எழுந்து பையை வாங்கினார். “வெரதம் இருக்கிறதத் தூக்கி வெளிய போட்டா எனக்குத்தான் பாவம்.”

அப்பா பலமாகத் தலையாட்டினார். “சரியா சொன்ன.”

“நீங்க பேசாதீங்க. செடிக்கு இருக்கிற கட்டுப்பாடு உங்களுக்கு இருக்கா? பட்டர்வொர்த்துல ஃபெர்ரிய விட்டு எறங்கினதும் வெரதம் தண்ணியில விழுந்துடுதா?”

“நான் என்னா பண்ணேன்?”

“சட்டையில மீன் கறி வாசம் அடிக்குது.”

“தொறமுகத்துல மீன் வாசம் அடிக்காம மல்லிகப்பூ வாசமா அடிக்கும்?”

“வாசம் மீனோடதில்ல. கறியோடது.”

அப்பா குளிக்கப் போய்விட்டார். பை கீழ்த் தட்டுக்குப் போனது. எனக்குப் பெரிய நிம்மதி. அந்த இரண்டு வாரமும் நான் பையைத் திறக்கவில்லை. விரத ஐஸ்பெட்டியில் குளிக்காமல் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். நான் குளிக்கும் நேரமும் அம்மா ஐஸ்பெட்டிப் பக்கம் இல்லாத நேரமும் ஒத்துவரவில்லை.

தைப்பூசத்தன்று அம்மாவோடு நடந்தேன். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல், மேளம், காலடியில் சூடு. ரதம் வந்த பாதையில் உடைத்த தேங்காய்ச் சில்லுகள் இன்னும் ஓரத்தில் வெள்ளையாகக் கிடந்தன. படியேறும்போது நான் பின்னாலேயே போனேன். பாதிப் படியில் ஒரு கணம் நின்றார். பால் தளும்பவில்லை. மறுபடி ஏறினார். இறக்கி வைத்துவிட்டு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, “எல்லாருக்கும் வேண்டிக்கிட்டேன். வாயனுக்கும் சேத்துத்தான்,” என்றார்.

“அதுக்கென்னம்மா வேண்டுதல்? எழுந்திரும்னு சொன்னேன்ல.”

“நீ சொன்ன. நான் அங்கயும் ஒரு வார்த்த சொல்லி வெச்சேன்.”

அந்த வாரமே தை கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நடைவழியில் பழைய நாளிதழை விரித்தேன். புது மண் கலந்து தயாராக வைத்திருந்தேன். இந்தச் செடிகளுக்குச் சாதாரண மண் ஆகாது, உரம் ஆகவே ஆகாது. சத்தில்லாத பாசிமண்ணும் வெள்ளைப் பொரி மாதிரி ஒரு கல்லும் கலந்ததுதான் வேண்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், மழைத் தண்ணீர் மட்டும். அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்தார். தங்கைகூடக் கைப்பேசியோடு வந்து நின்றாள்.

நெட்டையின் பொட்டலத்தை முதலில் பிரித்தேன். வெள்ளையாக, உறுதியாக இருந்தது. வாயனின் பொட்டலத்தைப் பிரித்தேன். பாசி மஞ்சளாக இருந்தது. கிழங்கும் மஞ்சள். அதன் உச்சியில், புதுத் துளிர் வரவேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது.

பூஞ்சை என்றுதான் முதலில் நினைத்தேன். விரலில் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம்.

“ம்மா, இது திருநீறா?”

அம்மா வேறு பக்கம் பார்த்தார். தங்கை மெதுவாகக் கைப்பேசியை இறக்கினாள்.

“குளிப்பாட்டாம எப்படிடா பால் பக்கத்துல வெக்கிறது? மஞ்சத் தண்ணியில ஒரு தடவ அலசினேன். லேசா ஒரு கீத்துத் திருநீறு. அவ்வளவுதான்.”

“நெட்டைக்கு?”

“அதுக்குப் பொட்டலத்து மேல மஞ்சத் தண்ணி தெளிச்சதோட சரி. வாயன்தான நெறைய ஈ சாப்பிட்டது.”

அப்போது நான் சத்தமாகத்தான் பேசினேன். மஞ்சள் போகட்டும், சாம்பல் காரம், இந்தச் செடிக்குப் புளிப்பான மண்தான் ஒத்துக்கொள்ளும், சத்து எதுவும் வேரில் படக் கூடாது, சத்தே இல்லாத மண்ணில் பிறந்ததால்தான் அது ஈயைத் தின்னவே கற்றுக்கொண்டது, தூங்கும்போது சாம்பல் பூசினால் வேர் வெந்துபோகும் என்று என்னென்னவோ அடுக்கினேன். எதுவும் பொய்யில்லை. அம்மா முக்காலியில் இன்னும் சின்னதாக உட்கார்ந்துகொண்டே போனார்.

“திருநீறு பூசி யாரும் செத்ததில்லையேன்னு பூசினேன்,” என்றார் கடைசியில்.

நான் கிழங்கைப் பாசியிலிருந்து பிரித்தெடுத்தேன்.

உடனே கழுவ வேண்டும். ஆனால் எதில் கழுவுவது? மழைத் தண்ணீர் பிடிக்க நான் கம்பியில் கட்டியிருந்த ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு செத்த கொசுதான் இருந்தது. பினாங்கில் அந்த மாதங்களில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். மழைத் தண்ணீர் மாதிரி உப்பில்லாத தண்ணீருக்கு ஒரே வழிதான் தோன்றியது. வாளியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

“அண்ணே, உங்க கடைப் பின்பக்கம் ஏர்கான் தண்ணி சொட்டுதே, அதைக் கொஞ்சம் பிடிச்சிக்கலாமா?”

அண்ணன் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கடையில டீ இருக்கு, மைலோ இருக்கு, பண்டுங் இருக்கு. ஏர்கான் தண்ணியா வேணும்?”

“செடிக்குண்ணே. குளிப்பாட்ட.”

“அன்னிக்குத் தூங்க எடம் கேட்ட. இன்னிக்குக் குளிக்கத் தண்ணி கேக்குற. நாளைக்கு வந்து கல்யாணத்துக்கு மண்டபம் கேப்பியா?” என்றார். ஆனால் தானே பின்கதவைத் திறந்து, சொட்டும் குழாய்க்குக் கீழே வாளியை நகர்த்தி வைத்தார். வாளி நிரம்பும்வரை நின்றேன். அது ஒன்றும் அவசரப்படவில்லை.

மேலே வந்து, வாயனை அந்தத் தண்ணீரில் மாற்றி மாற்றி அலசினேன். அம்மா யாரும் பல் தேய்த்திராத புதுப் பல்துலக்கி ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். உச்சியில் இருந்த சாம்பலை அதால் தேய்த்து எடுத்தேன். அடியில் தோல் பழுப்பாக இருந்தது. அழுகலா, வெறும் கறையா என்று சொல்ல முடியவில்லை. இரண்டையும் நட்டு, தட்டில் தண்ணீர் விட்டு, வாசல் ஓரம் நிழலில் வைத்தேன்.

தூங்கி எழும் செடியை ஒரேயடியாக வெயிலில் வைக்கக் கூடாது. முதலில் நிழல், பிறகு காலை வெயில், அப்புறம்தான் நாள் முழுக்க. பள்ளிப் பிள்ளைகளை விடுமுறைக்குப் பிறகு எழுப்புவது மாதிரிதான். முதலில் திரையை விலக்கி, பிறகு மின்விசிறியை நிறுத்தி, கடைசியில்தான் போர்வையில் கை வைக்கலாம். எங்கள் அப்பா நேராகத் தண்ணீர் தெளிப்பார். அது வேறு.

முதலில் நெட்டை எழுந்தது. ஒரு காலை மண்ணுக்கு மேல் சிவப்பாக ஒரு முனை தெரிந்தது. அடுத்தடுத்து இன்னும் முனைகள் வந்தன. பென்சில் சீவி நட்டு வைத்த மாதிரி நின்றன. நான் அதைக் காலை வெயிலுக்கு நகர்த்தினேன். மூன்றாவது வீட்டு ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, மலாயில், “ஒன்று எழுந்துவிட்டதே, மற்றது?” என்று கேட்டார். அம்மா, “அது கொஞ்சம் சோம்பேறி,” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வாயனின் தொட்டியில் மண் மட்டும்தான் இருந்தது. அம்மா இப்போதெல்லாம் அதைப் பார்ப்பதில்லை. மிளகாய் பறிக்க அந்தப் பக்கமாகப் போகாமல் சுற்றிப் போனார். யாரையும் கையைப் பிடித்துக் கூட்டி வரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒரு மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது நடைவழியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடியே கேட்டுவிட்டார்.

“நான்தான் கொன்னுட்டேனா?”

எனக்கு வழக்கமான பதில்கள் வரிசையாக வந்தன. இன்னும் நாளாகும், கண்டிப்பா வரும், அதெல்லாம் ஒன்றுமில்லை. சித்தப்பாவின் சிவப்பு விளக்குக்குச் சொன்ன மாதிரி எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கையில் என் தொழிற்சாலைச் சட்டை இருந்தது. அதை உதறாமல், மாட்டாமல், பிடித்துக்கொண்டே காத்திருந்தார்.

“தெரியலம்மா,” என்றேன். “திருநீறா இருக்கலாம். அது முன்னாடியே ரொம்ப நொந்து போயிருந்துச்சு, அதனாலயும் இருக்கலாம். ஐஸ்பெட்டியில வெச்சதே தப்பாயிருக்கலாம். எழுந்திருமான்னும் தெரியல. அன்னிக்குக் கண்டிப்பான்னு சொன்னேன்ல, அதுவும் தெரிஞ்சி சொல்லல.”

அம்மா திரும்பினார். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“தெரியலையா?”

“தெரியல.”

“உனக்கே தெரியலையா?”

“எனக்கே தெரியல.”

“அப்பாடா,” என்றார் அம்மா. சட்டையை ஓர் உதறு உதறி மாட்டினார். “நான் என்னமோ, உனக்குத் தெரிஞ்சி, எனக்கு மனசு கஷ்டப்படும்னு சொல்லாம இருக்கியோன்னு நெனச்சேன்.”

பிறகு நேராக வாயன் தொட்டிக்குப் போனார். குனிந்து, “ரெண்டு பேருக்கும் தெரியலயாம். நீயே சொல்லு,” என்றார்.

மறுநாளிலிருந்து அம்மா மறுபடி அந்தப் பக்கமாகவே மிளகாய் பறித்தார். தட்டில் தண்ணீர் குறைந்தால் அவரே வாளியோடு கீழே போனார். கடை அண்ணன், “இன்னும் எழுந்திரிக்கலயா அக்கா? நம்ம கடைப் பையனுங்கள மாதிரியே இருக்கே,” என்பாராம். தங்கை தினமும் கல்லூரிக்குக் கிளம்பும்போது, தொட்டியைத் தட்டி, “பஸ் போயிடும்,” என்பாள். அப்பாவிடமிருந்து ஒரே ஒரு கருத்துதான் வந்தது: “எனக்கு அன்னிலேருந்து இஞ்சி மாதிரிதான் தெரியுது.”

நான் தொழிற்சாலையில் இருந்தபோது கைப்பேசி அடித்தது. வேலை நேரத்தில் அம்மா கூப்பிடவே மாட்டார். யாருக்கோ என்னவோ என்று பதறிக்கொண்டு வெளியே ஓடினேன்.

“டேய், பட்டாணி மொளச்ச மாதிரி ஒண்ணு இருக்கு.”

“எங்கம்மா?”

“எங்கயா? நடுவுல இல்ல. ஓரமா.”

மாலை வந்து பார்த்தேன். உச்சி பழுப்பாகத்தான் இருந்தது. அது போனது போனதுதான். பக்கவாட்டில், சாம்பல் படாத ஒரு கணுவிலிருந்து, பச்சையாகச் சுருண்ட ஒன்று வெளியே வந்திருந்தது. அரைத் தூக்கத்தில் எழுந்த பிள்ளை மாதிரி முகத்தை மூடிக்கொண்டு இருந்தது. அதைக் காலை வெயிலுக்கு மாற்றினேன். சுருள் மெல்ல நிமிர்ந்தது, நுனியில் இரண்டு மடல் பிரிந்தது, ஓரத்தில் பற்கள் ஒவ்வொன்றாக விலகின. பச்சரிசி அளவுதான். ஆனால் வாய்.

அது முழுதாகத் திறந்த அன்று நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். அம்மா மாடி முழுவதும் செய்தி அனுப்பிவிட்டார். சீன ஆன்ட்டி வந்தார், மாக்சிக் வந்தார், வேலைக்குக் கிளம்பிய அப்பாகூட ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஈ ஒன்று எங்கிருந்தாவது பிடித்து வரலாமா என்று மாக்சிக் கேட்டார்.

“வேணாம், வேணாம்,” என்று கையை விரித்து மறைத்தார் அம்மா. “இன்னிக்கு வெள்ளிக்கெழம. எங்க வீட்டுல அசைவம் கெடையாது. நாளைக்குச் சாப்பிடட்டும்.”

எல்லாரும் போனார்கள். நானும் அம்மாவும் மட்டும் நின்றோம். தட்டின் விளிம்பில் ஒரு சின்ன எறும்பு ஏறியது. தொட்டி மேல் வந்தது. இலைக்காம்பைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. அதைத் தட்டிவிட நான் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எறும்பு மடலின் ஓரத்தில் நின்று கொம்புகளை ஆட்டிப் பார்த்தது. உள்ளே இறங்கியது. ஒருமுறை தொட்டது.

அம்மா என் கையை விடாமலேயே முகத்தை, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தெரியும் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான் எதையும் பாக்கல,” என்றார்.

டப்.

“மூடிச்சா?” என்று கேட்டார், திரும்பாமல்.

“மூடிச்சும்மா.”

“கெட்டியா?”

“ரொம்பக் கெட்டியா.”

“பச்சப்புள்ள,” என்றார் அம்மா. “அதுக்கு வெள்ளிக்கெழம தெரியுமா?”